கனமான டூரிங் பைக்: சஸ்பென்ஷன் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது எப்படி

"பின்னால தூக்கி அடிக்குது, எந்த ஷாக் போடலாம்?" என்று கேட்பவரிடம் பிராண்டு பெயர் சொல்வது சுலபம். ஆனால் அதற்கு முன்னால் நாலு விஷயம் தெரிய வேண்டும். தனியாகப் போகும்போது அடிக்கிறதா, டபுள்ஸ் போகும்போதா? அகலமான வேகத்தடையிலா, கூரான குழி ஓரத்திலா? கிளம்பியதிலிருந்தா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? டயரில் காற்று எவ்வளவு? இவற்றுக்குப் பதில் இல்லாமல் வாங்கும் ஷாக், பழைய கோளாறைப் புதுப் பெயிண்டோடு திருப்பிக் கொடுக்கும்.

உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650-ஐ எடுத்துக்கொள்கிறேன். நம்ம ஊரில் டூரிங் போகும் பலரிடம் இருக்கிறது, எடையும் இந்தப் பேச்சுக்குப் பொருந்துகிறது. பெட்ரோலோடு 241 கிலோ. முன்னால் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க், அதன் ஓட்டம், அதாவது ஏறி இறங்கும் தூரம், 120 மி.மீ. பின்னால் இரட்டை ஷாக், சக்கரத்தின் ஓட்டம் 101 மி.மீ. தாழ்வான சீட் வேண்டுமென்றால் பின்னால் இவ்வளவு ஓட்டம்தான் கிடைக்கும். குரூசர் என்றாலே இந்தப் பண்டமாற்று இருக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இப்போது அதில் 80 கிலோ ஆள், பின்னால் 60 கிலோ ஆள், 25 கிலோ சாமான். மொத்தம் 165 கிலோ. இதில் பின் சீட்டு ஆளின் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின் சக்கரத்தில்தான் இறங்கும். தனி ஆளுக்கு நன்றாக ஓடிய அதே வண்டி, ஏற்காடு போக மூட்டை கட்டியதும் வேறு வண்டியாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டேம்பர். வண்டி எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பது ஸ்பிரிங் விஷயம். தாழ்ந்தது எப்படித் திரும்பி எழுகிறது, எத்தனை முறை ஆடுகிறது என்பது டேம்பர் விஷயம். கீழே வரும் அறிகுறிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் தீர்கின்றன. மிச்சம் டயர், பேரிங், புஷ் (மூட்டுகளில் இருக்கும் வளையம்).

முதலில் அளவு

காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். மேனுவலில் தனி ஆளுக்கு ஓர் அளவும் டபுள்ஸுக்கு இன்னோர் அளவும் இருக்கும். பங்க்கில் காற்றுப் பையன் எல்லா வண்டிக்கும் அடிக்கும் பொது அளவு இங்கே செல்லாது. அப்புறம் இரண்டு பின் ஷாக்கிலும் பிரீலோடு காலர் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையம்) ஒரே நாட்ச்சில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சைலன்சர் பக்கம் சி-ஸ்பேனர் நுழையவில்லை என்று ஒரு பக்கம் மட்டும் ஏற்றிவிட்ட வண்டிகள் உண்டு.

அடுத்தது சேக். எடை ஏறும்போது வண்டி எவ்வளவு உட்காருகிறது என்ற அளவு. இதற்கு உதவிக்கு இரண்டு பேர், ஒரு ஸ்டீல் டேப், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் போதும். பின் ஆக்சில் நட்டின் மையத்துக்கு நேர் மேலே, மட்கார்டில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் அந்த நட்டின் மையத்திலிருந்து இந்தக் கோடு வரை.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் வண்டியைச் சைடு ஸ்டாண்ட் பக்கம் சாய்த்துப் பிடிக்க, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போது ஓர் அளவு. பிறகு வண்டியை நேராக, தன் எடையில் மட்டும் நிறுத்தி இரண்டாவது அளவு. அப்புறம் நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி, காலை ஃபுட்பெக்கில் வைத்து உட்கார, முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது. கடைசியாக டூர் போகும் முழு மூட்டையோடும் பின் சீட்டு ஆளோடும் நான்காவது.

ஒவ்வொரு முறையும் ஒரு நுணுக்கம். சீட்டை அமுக்கி மெதுவாக விட்டால் ஓர் எண் வரும். தூக்கி மெதுவாக விட்டால் வேறோர் எண் வரும். சீலும் புஷ்ஷும் உரசுவதால் வரும் வித்தியாசம் அது. இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசமே பெரிதாக இருந்தால் எங்கோ பிடிக்கிறது என்று பொருள், ஸ்பிரிங் வாங்க ஓட வேண்டாம்.

எண்களை வைத்துப் பார்ப்போம். தொங்கும்போது 430, வண்டி மட்டும் 421, ஆளோடு 401, முழு மூட்டையோடு 376 என்று வைத்துக்கொள்வோம். தன் எடையில் உட்கார்ந்தது 9 மி.மீ. ஆளோடு 29. சாலை வண்டிக்கு ஆளோடு உட்காரும் அளவு மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 101 மி.மீ.க்கு அது 25 முதல் 33. ஆக தனி ஆளுக்கு எல்லாம் சரி. மூட்டையோடு 54. குழியைப் பார்க்கும் முன்னாலேயே பாதி ஓட்டம் போய்விட்டது. இந்த வண்டிக்காரர் டேம்பர் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

முன்னாலும் இதே முறைதான். 120 மி.மீ. ஃபோர்க்குக்கு ஆளோடு 30 முதல் 40 மி.மீ.

அறிகுறி: பின்பக்கம் முதுகில் அடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஏனென்றால் ஒரே வலிக்கு மூன்று காரணங்கள், மூன்றுக்கும் வைத்தியம் எதிரெதிர்.

முதல் வகை, ஓட்டம் தீர்ந்துபோய் அடிப்பது. டபுள்ஸில், பெரிய வேகத்தடை இறங்கும்போதோ பாலம் முடியும் பள்ளத்திலோ ஒரே ஒரு 'டொம்'. தனியாகப் போனால் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. ஷாக்கின் உள்ளே ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டில் இருக்கும் கறுப்பு பம்ப் ரப்பர் நசுங்கியோ, ஓரம் பிய்ந்தோ, தண்டில் தன் பழைய இடத்திலிருந்து நகர்ந்தோ இருந்தால் அது அடிக்கடி வேலை பார்த்திருக்கிறது. வைத்தியம்: முதலில் பிரீலோடை ஏற்றி, முழு மூட்டையோடு மறுபடி அளந்து பாருங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்க வேண்டும். காலரைச் சுற்றினால் ஸ்பிரிங் 'ஹார்டு' ஆவதில்லை. ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கும் சீரான ஸ்பிரிங், எத்தனை நாட்ச் ஏற்றினாலும் அடுத்த மி.மீ.க்கு அதே 20 நியூட்டன்தான் கேட்கும். வண்டி உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் கடைசி நாட்ச் வரை ஏற்றியும் மூட்டையோடு 44 மி.மீ. உட்கார்கிறது என்றால், அல்லது மூட்டைக்குச் சரியாக வைத்ததும் மூட்டை இல்லாதபோது வண்டி தன் எடையில் உட்காரவே இல்லை என்றால், ஸ்பிரிங் உங்கள் சுமைக்கு மெலிந்தது. அடுத்த கெட்டி ஸ்பிரிங் போட வேண்டும். இதற்கு மாறாக, ஆளோடு 29 சரியாக வந்தும் வண்டி தன் எடையிலேயே 20 மி.மீ. உட்கார்கிறது என்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கெட்டி. வெளியே விற்கும் 'ஹெவி டியூட்டி' சமாசாரங்களைப் போட்டபின் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வகை, ஓட்டம் பாக்கி இருக்கும்போதே அடிப்பது. சின்னக் கல், பிய்ந்த தார் ஓரம், மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு. இவற்றில் கூராக ஒரு குத்து. பெரிய வேகத்தடையில் பரவாயில்லை. தனி ஆளாகப் போகும்போதுதான் அதிகம் தெரியும். டயரில் காற்று அதிகம், பிரீலோடு அதிகம், அல்லது கம்ப்ரஷன் டேம்பிங் (அமுங்கும்போது வரும் தடை) அதிகம். வாங்கிய அன்றே "டூரிங் போகிறோமே" என்று காலரைக் கடைசிக்கு ஏற்றிவிட்டு, பிறகு தனியாக ஆபீஸ் போகும்போது முதுகு வலிக்கிறது என்பவர்கள் இந்த வகை. காலரை இறக்கினாலே பாதி வலி போய்விடும். இறக்கியும் குத்தினால் அது உள்ளே இருக்கும் வால்வின் குணம். ஷாக்கை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இதுதான்.

மூன்றாவது வகை, தொடர் குலுக்கலில் போகப் போக மோசமாவது. முதல் இரண்டு குழி மெதுவாக, மூன்றாவது கடினம், ஐந்தாவது கல்லில் மோதியதுபோல. ரீபவுண்ட் டேம்பிங் (திரும்பி எழும்போது வரும் தடை) அதிகமானால் சக்கரம் ஒரு குழியிலிருந்து திரும்பி வருவதற்குள் அடுத்தது வந்துவிடும், ஷாக் அமுங்கிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்கூல் வாசலில் வரிசையாகப் போட்டிருக்கும் அந்த மஞ்சள் ரம்பிள் கோடுகள் இதற்கு நல்ல சோதனைச்சாலை. சரிசெய்யும் குமிழ் உள்ள ஷாக்காக இருந்தால் ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து மறுபடி அதே கோடுகளில் ஓட்டுங்கள்.

அறிகுறி: வளைவில் படகு மாதிரி அலைகிறது

தொப்பூர் கணவாயில் இறங்கும்போதோ, நான்கு வழிச்சாலையில் 100-ல் லாரியை முந்தும்போதோ, வண்டியின் பின்பாதி முன்பாதிக்குப் பின்னால் தாமதமாக வருவதுபோல ஓர் உணர்வு. வளைவில் ஒரு சின்ன மேடு பட்டால் மூன்று நான்கு முறை ஆடி அடங்கும்.

நிறுத்திய வண்டியில் சீட்டின் பின்பகுதியைப் பலமாக அமுக்கி விடுங்கள். எழுந்து, நிற்க வேண்டும். எழுந்து, மேலே தாண்டி, மறுபடி இறங்கி வந்தால் ரீபவுண்ட் போய்விட்டது. இந்தச் சோதனை தோராயமானது. ஆனால் செத்துப்போன ஷாக் இதில் தப்பாது.

ஷாக் சரி என்றால் மூட்டையைப் பாருங்கள். டாப் பாக்ஸ் பெரும்பாலும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் நிற்கிறது. சூப்பர் மீட்டியரின் சக்கர இடைவெளி 1500 மி.மீ. பெட்டியின் எடை ஆக்சிலுக்கு 300 மி.மீ. பின்னால் இருந்தால், 10 கிலோ பெட்டி பின் சக்கரத்தில் 12 கிலோவாக இறங்கும், முன் சக்கரத்திலிருந்து 2 கிலோவைத் தூக்கும். உயரத்தில் வேறு இருக்கிறது. கனமான டூல் பை, தண்ணீர் பாட்டில், பூட்டுச் சங்கிலி எல்லாம் சைடு பையில் கீழே, முடிந்த வரை முன்னால். டாப் பாக்ஸில் ஸ்வெட்டரும் முறுக்குப் பாக்கெட்டும் போதும்.

அதுவும் செய்தாயிற்று, இன்னும் அலைகிறது என்றால் ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) புஷ்ஷைப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து, சக்கரத்தின் பின் ஓரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில். 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிந்தால், அது சக்கர பேரிங்கா ஸ்விங் ஆர்மா என்று பிரிக்க, இன்னொருவரை ஸ்விங் ஆர்ம் மூட்டில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் எவ்வளவு விலை ஷாக் போட்டாலும் இது போகாது.

வேகத்தில் இப்படி அலைய ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள், ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டாதீர்கள். உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறையுங்கள்.

அறிகுறி: பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடுகிறது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஃபோர்க் சரிந்து, பிரேக்கை விட்டதும் துள்ளி, அந்தத் துள்ளலிலேயே வண்டியைச் சாய்க்க வேண்டியிருக்கும்.

முன் பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கத்தான் செய்யும். 241 கிலோ வண்டியில் அது அமுங்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். கேள்வி, கடைசி வரை போகிறதா என்பது. இதற்கு ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். தலைகீழ் ஃபோர்க்கில் பளபளப்பான குழாய் கீழே இருக்கும். அதைச் சுற்றி டையை இறுக்காமல் கட்டி, டஸ்ட் சீல் வரை மேலே தள்ளி விடுங்கள். வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள், சீலில் உரசக் கூடாது. ஒரு மலை இறங்கிவிட்டு வந்து பார்த்தால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் டை கீழே தள்ளப்பட்டிருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து அளக்கும்போது டைக்கும் சீலுக்கும் இடையே 100, 105 மி.மீ. என்றால் ஃபோர்க் தன் வேலையைச் செய்கிறது. முழு 120-ம் போயிருந்தால் சேக் அளவைத் திரும்பப் பாருங்கள். 70-க்கு மேல் ஒருநாளும் போவதில்லை என்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஓட்டத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது.

சேக் 45, 50 என்று இருந்து, கடைசி வரையும் போனால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். சேக் சரி, ஆனால் கடைசியில் மட்டும் தட்டுகிறது என்றால் ஆயில் மட்டம். ஃபோர்க்கின் உள்ளே ஆயிலுக்கு மேல் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அமுங்க அமுங்கக் கெட்டியாகும். ஆயிலைச் சில மி.மீ. உயர்த்தினால் காற்றின் இடம் குறைந்து, கடைசி மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் மட்டும் கெட்டியாகும், ஆரம்பம் மாறாது. அளவோடு செய்ய வேண்டும். காற்றுக்கு இடமே இல்லாமல் நிரப்பினால் ஃபோர்க் பாதியில் முட்டி நிற்கும், சீல் பிதுங்கும். இந்த மட்டத்தை ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேனுவல் சொல்லும் நிலையில் மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். "ஒரு காலுக்கு இத்தனை மில்லி" என்று ஊற்றி மூடும் பழக்கம் இதற்கு உதவாது. பழைய ஆயில் எவ்வளவு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அமுங்குவது அளவாக இருந்து, வேகமாக அமுங்குவதும் துள்ளி எழுவதும்தான் தொல்லை என்றால் டேம்பிங். முதல் வேலை புது ஃபோர்க் ஆயில். பல வண்டிகளில் இஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள் ஃபோர்க் ஆயிலைத் தொட்டதே இல்லை. வடியும்போது சாம்பல் நிறத்தில், மீன் கழுவிய தண்ணீர் மாதிரி வரும். கிரேடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: டப்பாவில் 10 என்று போட்டிருந்தாலும் ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 10 போல ஓடுவதில்லை. 40 டிகிரியில் சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) எவ்வளவு என்று அந்த ஆயிலின் விவரத்தாளில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பழைய மாதிரி சாதா ஃபோர்க், அதாவது துளை வழியாக ஆயில் போகும் டேம்பர் ராடு வகை என்றால், கெட்டி ஆயில் ஊற்றி அமுங்குவதைக் குறைப்பது பாதிக் கிணறு தாண்டிய கதை. மெதுவான அசைவில் அடங்கும், ஆனால் கூரான குழியில் ஆயில் அந்தத் துளையில் போக முடியாமல் முட்டி, கையில் அடிக்கும். இந்த வகைக்கு எமுலேட்டர் வால்வு என்று ஒரு சின்ன சாமான் உண்டு, ஸ்பிரிங்குக்குக் கீழே உட்காரும். வேகமான அடியில் திறந்து ஆயிலுக்கு வழிவிடும். 650 ட்வின்களிலேயே சாதா ஃபோர்க் உள்ள இன்டர்செப்டர்காரர்கள் இதை விசாரிக்கலாம். தலைகீழ் ஃபோர்க்குக்கு இது பொருந்தாது. அவற்றில் சிலவற்றில் டேம்பிங் ஒரே காலில் மட்டும்தான் இருக்கும், இரண்டு காலும் ஒன்று என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம்.

அறிகுறி: வேகம் குறையும்போது ஹேண்டில்பார் நடுங்குகிறது

80-லிருந்து 60-க்கு இறங்கும்போது, கை தளர்வாக இருந்தால் ஹேண்டில்பார் இடவலமாகப் படபடக்கும். இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். இரண்டு கையையும் விட்டுச் சோதிக்கும் வேலை வேண்டாம்.

இதற்கு ஷாக் காரணமாக இருப்பது அபூர்வம். வரிசை இதுதான்: முன் டயர் தேய்மானம், பேலன்ஸ், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்து பேரிங்), கடைசியாகத்தான் சஸ்பென்ஷன். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவிவிட்டு, எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் ரம்பம் மாதிரி தட்டுப்பட்டால் டயர் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது.

கோன் செட்டுக்கு முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றால் பேரிங் உருளும் ரேஸில் குழி விழுந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும். இறுக்கினால் சரியாகும் என்பார்கள், ஆகாது. சொல்லப்போனால் அளவுக்கு மேல் இறுக்கிய கோன் செட் இன்னொரு தொல்லை தரும். நடை வேகத்தில் வண்டி நேராகப் போகாது, பாம்பு மாதிரி நெளியும், நாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றும்போது கனமான வண்டிக்கு டேப்பர் ரோலர் பேரிங் கிடைத்தால் அதைப் போடுவது நல்லது, குண்டு பேரிங்கைவிடத் தாங்கும்.

அறிகுறி: முன்னால் 'டக் டக்' சத்தம்

முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கோன் செட்டின் கீழ் மூட்டில் விரலை வைத்தால் அசைவு தெரிகிறதா? கோன் செட் தளர்வு. அங்கே ஒன்றுமில்லை, சத்தம் மட்டும் வருகிறதா? பிரேக் பேட் கேலிப்பரில் ஆடலாம், அல்லது ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கலாம். வேகத்தடை தாண்டி முன் சக்கரம் தொங்கும் நொடியில் மட்டும் ஒரு 'டிக்' என்றால் ஃபோர்க் முழுக்க நீண்டு முட்டுகிறது. பிரீலோடு அதிகம், இல்லையென்றால் ரீபவுண்ட் போதவில்லை.

அறிகுறி: ஃபோர்க்கில் எண்ணெய்க் கோடு

சாதா ஃபோர்க்கில் சீல் உயரத்தில் இருக்கும், கசிவு மெதுவாகத்தான் கீழே வரும். தலைகீழ் ஃபோர்க்கில் கதை வேறு. சீல் கீழ்நோக்கி இருப்பதால் கசியும் ஆயில் நேராக ஆக்சிலுக்கும் கேலிப்பருக்கும் வழியும். பேடில் ஆயில் ஏறிவிட்டால் பெட்ரோல் போட்டுக் கழுவிப் பயனில்லை, பேடை மாற்றுங்கள், டிஸ்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

சீல் மாற்றும் முன், டஸ்ட் சீலை இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சீலின் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பாருங்கள். பழைய கேமரா ஃபிலிம் வீட்டில் கிடந்தால் அதுதான் இதற்கு லட்சணம். உள்ளே மாட்டியிருந்த மணல் வந்துவிட்டால் கசிவும் நின்றுவிடலாம். குழாயில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் போடும் புது சீல் நிலைக்காது. சின்னப் பிசிறு என்றால் 2000 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்து வழுவழுப்பாக்கலாம்.

அறிகுறி: முதல் மணி நேரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் துள்ளுகிறது

காலையில் கிளம்பும்போது ஒழுங்கு. மோசமான சாலையில் அரை மணி நேரம் போனதும் பின்பக்கம் ரப்பர் பந்து. ஷாக்கின் வேலையே அசைவைச் சூடாக மாற்றுவது. சூட்டில் ஆயில் மெலியும், உள்ளே காஸ் அழுத்தம் குறைந்திருந்தால் நுரைக்கவும் செய்யும், நுரையில் வால்வுக்குப் பிடிப்பு இல்லை. நைட்ரஜன் நிரப்பிய ஷாக்கில் அந்த அழுத்தம் இருப்பதே நுரைக்காமல் தடுக்கத்தான்.

நிறுத்தியவுடன் இரண்டு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கத்துச் சூடு வேறு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள், கையையும் சுட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது சும்மாவும் இருந்தால், சும்மா இருப்பது வேலை செய்யவில்லை. அதன் பங்கையும் சேர்த்து மற்றது இழுக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அழுத்தக் காஸ் உள்ள ஷாக்கை வீட்டில் பிரிப்பது விபரீதம். பிரித்துச் சரிசெய்யக்கூடிய வகையா, ஊரில் அதைச் செய்து நைட்ரஜன் நிரப்பும் கடை இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி விலைப்பட்டியலைவிட முக்கியம் என்பேன்.

ஷாக்கை மாற்றுவது என்று முடிவானால், ஸ்வீடனின் ஓலின்ஸோ, தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ்ஸோ, இங்கிலாந்தின் ஹேகனோ, எதுவானாலும் கடைக்காரர் உங்கள் எடை, பின் சீட்டு ஆளின் எடை, மூட்டை எடை மூன்றையும் கேட்க வேண்டும். கேட்காமல் "இந்த மாடலுக்கு இதுதான்" என்றால் நீங்களே கேளுங்கள்: ஸ்பிரிங் எத்தனை நியூட்டன்? சுமைக்கு ஏற்ப வேறு ஸ்பிரிங் உண்டா? குமிழ்கள் எத்தனை இருக்கின்றன என்பது அதற்கு அப்புறம். இன்னொன்று, வண்டிக்குச் சட்டப்படி எழுதப்பட்ட மொத்த எடை வரம்பை எந்த ஸ்பிரிங்கும் உயர்த்தாது. பிரேக்கும் டயரும் ரிம்மும் பழையவைதானே.

அறிகுறி: புதுசு போட்ட பிறகுதான் மோசம்

ஃபோர்க் வேலை முடிந்து வந்ததும் முன்னால் விறைப்பாக, சின்னக் குழிக்கெல்லாம் கையில் அடிக்கிறதா? ஸ்பிரிங்கைத் திட்டும் முன் ஆக்சிலைப் பாருங்கள். ஆக்சிலையும் அதன் பக்கவாட்டு பிஞ்ச் போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கினால் இரண்டு ஃபோர்க் காலும் ஒன்றுக்கொன்று கோணலாக மாட்டிக்கொண்டு, உரசியபடியே ஏறி இறங்கும். பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்துங்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை பலமாக அமுக்கி விடுங்கள். கால் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகு மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். பத்து நிமிட வேலை. அதிலும் தீரவில்லை என்றால் ஆயில் கிரேடும் மட்டமும்.

பின்னால் நீளமான ஷாக் போட்டிருந்தால் வேறு வரிசை. பின்பக்கம் உயர்ந்தால் ஸ்டியரிங் கோணம் செங்குத்தாகும், வண்டி வளைவில் சட்டென்று திரும்பும், ஆனால் நேர்ச்சாலையில் அமைதி குறையும். சைடு ஸ்டாண்டில் அதிகம் சாய்ந்து நிற்கும், மூட்டையோடு சரிவில் நிறுத்தினால் கவனம். ஹெட்லைட் தாழும். கண்ணுக்குக் கண் அளவு (மேல் போல்ட் துளையிலிருந்து கீழ்த் துளை வரை) பழைய ஷாக்கோடு ஒத்துப்போவதே டூரிங்குக்கு நல்லது.

கடைசியாக செயின். இதை ஷாக் மாற்றும் கடைகளே பல நேரம் விட்டுவிடுகின்றன. முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். பின்பக்கம் உயர்ந்த வண்டியில் ஸ்விங் ஆர்ம் அதிகம் கீழ்நோக்கி நிற்கிறது, அந்த நிலையில் செயின் தொய்வாகத் தெரியும். பழைய அளவுக்கு இறுக்கிவிட்டால், டபுள்ஸில் ஒரு பள்ளத்தில் அமுங்கும்போது செயினுக்குத் தொய்வே இருக்காது. அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங் மேலே. ஆகவே இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்து, தேவைப்பட்டால் சரக்குப் பட்டையால் பின்பக்கத்தை இன்னும் கீழே இழுத்துக் கட்டி, மூன்று மையமும் நேர்க்கோட்டுக்கு வந்ததும் செயினைக் கீழிருந்து விரலால் தள்ளிப் பாருங்கள். அப்போதும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். பிறகு பட்டையை அவிழ்த்து, சைடு ஸ்டாண்டில் நிறுத்தித் தொய்வு எத்தனை மி.மீ. என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் வண்டிக்குச் செயின் அளவு அதுதான்.